கண்ணாடியில் ஒரு வரவேற்பு

1921-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி. சென்னையில் புதிய சட்டசபையின் திறப்பு விழா. அதை நடத்தி வைப்பதற்காகச் சீமையிலிருந்து ஒரு முதியவர் வந்திருந்தார். வயது எழுபது. விக்டோரியா மகாராணியின் மூன்றாவது குமாரர். அப்போது அரசாண்டு கொண்டிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குச் சொந்தச் சித்தப்பா. பெயர் ஆர்தர். ஆனால் 'கன்னாட் பிரபு' என்று சொன்னால்தான் நமக்குப் புரியும். புது டில்லியில் இன்றைக்கும் ஜனங்கள் 'கன்னாட் பிளேஸ்' என்று சொல்கிறார்களே, அந்த வட்டக் கடைவீதிக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

பாவம், அவர் வந்த நேரம் சரியில்லை. காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கம் சூடு பிடித்திருந்த சமயம் அது. பிரபுவின் விஜயத்தைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று காங்கிரஸ் சொல்லியிருந்தது. வரவேற்பு வேண்டாத இடத்துக்கு வந்த விருந்தாளியாக அவர் ஊர் ஊராகச் சென்றார்.

நாம் சொல்ல வந்தது அந்த அரசியல் கதை அல்ல. இந்த முதியவர் நம் ஊருக்கு வருவதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்னால், பூமியின் மறு கோடியில், கனடா தேசத்துத் தலைநகரான ஒட்டாவாவில், சின்னஞ்சிறு கிறிஸ்துவக் கோயில் ஒன்றில் ஒரு ஜன்னலுக்குத் திரை விலக்கினார்கள். அந்த ஜன்னலை வைக்கச் சொன்னவர் இவர்தான். அதில் எழுதியிருப்பதும் ஒரு வரவேற்புதான். இறந்து போன பத்துப் பேருக்காக எழுதியது.

எதிர்ச் சாரிக் கோயில்

ஒட்டாவாவில் கனடாவின் கவர்னர் ஜெனரல் வசிக்கும் மாளிகைக்கு 'ரிடோ ஹால்' என்று பெயர். அதற்கு எதிரே பரிசுத்த பர்த்தொலொமேயு ஆலயம் இருக்கிறது. 1868-ல் எழுந்த கோயில். பெரிய கோபுரம், பிரம்மாண்டமான மண்டபம் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அக்கம் பக்கத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையன்று கூடித் தொழுவதற்காகக் கட்டிய கல் கட்டடம், அவ்வளவுதான். ஆனால் எதிர்ச் சாரியில் மாளிகை இருக்கிறதல்லவா? கவர்னர் ஜெனரல்களும் அவர்கள் வீட்டாரும் அதிகாரிகளும் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கன்னாட் பிரபு 1911-லிருந்து 1916 வரை கவர்னர் ஜெனரலாக இருந்தார். அவரோடு அவர் மனைவி லூயிஸ் மார்கரெட், மகள் பட்ரீஷியா, ஒரு பரிவாரம். பரிவாரம் என்றால் பல்லக்குத் தூக்குகிறவர்கள் என்று எண்ணி விடாதீர்கள். ராணுவக் காரியதரிசி, 'ஏ.டி.ஸி.' என்கிற மெய்க்காவல் அதிகாரிகள் ஆகியோரைத்தான் சொல்கிறோம். பட்டாளத்திலிருந்து வந்த நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். யாரை எந்த வேளைக்கு விருந்துக்கு அழைப்பது, யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பது முதல், குளிர் காலத்தில் மாளிகைத் தோட்டத்தில் உறைந்த பனியில் சறுக்கி விளையாட வருகிறவர்களை உபசரிப்பது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளைய வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த எதிர்ச் சாரிக் கோயிலுக்கும் அவர்கள் வருவார்கள்.

1914 ஆகஸ்டில் யுத்தம் வந்தது.

இளவரசி தைத்த கொடி

மான்ட்ரீல் நகரத்துச் செல்வந்தர் ஹாமில்டன் கால்ட் என்பவர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து, ஒரு புதுப் பட்டாளம் திரட்டலாம் என்றார். அதற்கு இளவரசி பட்ரீஷியாவின் பெயர் சூட்டினார்கள். பிரபுவின் ராணுவக் காரியதரிசியான பிரான்ஸிஸ் ஃபார்க்கர் அதன் முதல் தளபதி ஆனார். விருந்துப் பட்டியல்களைப் பார்த்து வந்த மேஜையை விட்டுவிட்டு அவர் ஆள் சேர்க்கப் புறப்பட்டார். சில நாட்களுக்குள் 1,098 பேர் சேர்ந்து விட்டார்கள். அவர்களில் 1,049 பேர் முன்பே பட்டாளத்தில் இருந்து பழகியவர்கள்!

பட்டாளத்துக்குக் கொடி வேண்டும் அல்லவா? இளவரசி தாமே வரைந்து, தம் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். ஆகஸ்டு 23-ந் தேதி ஒட்டாவாவில் லான்ஸ்டவுன் பூங்காவில் கொடி வழங்கும் விழா நடந்தது. அந்தக் கொடியை அவர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. போர்முனைக்கே கொண்டு போனார்கள்.

டிசம்பரில் பட்டாளம் பிரான்ஸில் இறங்கியது. அங்கிருந்து பெல்ஜியத்தில் ஈப்ர் என்னும் ஊரின் பக்கம் சென்றது. அந்தப் பெயரை உச்சரிக்கத் தெரியாத பிரிட்டிஷ் சிப்பாய்கள் 'வைப்பர்ஸ்' என்று தங்களுக்குத் தோன்றியபடி அழைத்தார்கள். அந்த ஊரைச் சுற்றியிருந்த சேற்றில் நாலு வருஷம் யுத்தம் நடந்தது.

1915 ஜனவரியில் காப்டன் நியூட்டன் மாண்டார். அந்தப் பட்டாளம் பறிகொடுத்த முதல் அதிகாரி அவர். ஒட்டாவாவில் பிரபுவின் ஏ.டி.ஸி.யாக இருந்தவர். மார்ச் மாதத்தில் ஈப்ருக்குத் தெற்கே ஸெயின்ட் எல்வா என்ற கிராமத்தின் அருகில் தளபதி ஃபார்க்கர் குண்டடி பட்டு இறந்தார். மே 8-ந் தேதி நடந்த ஒரே நாள் சண்டையின் முடிவில், அணிவகுத்து நிற்க அந்தப் பட்டாளத்தில் சுமார் நூற்றைம்பது பேர்தான் மிஞ்சினார்கள்.

ரிடோ ஹாலுக்குத் தந்தி மேல் தந்தி வந்தது. யுத்தம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, பிரபுவின் ஒட்டாவாப் பரிவாரத்தில் இருந்தவர்களில் பத்துப் பேர் இல்லை.

ஊர் திரும்பாத உடல்கள்

நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்கிறோம்? முகத்தைப் பார்க்கிறோம். கதறி அழுகிறோம். குளிப்பாட்டி, மாலை போட்டு, தெருக் கோடி வரை கூடவே போகிறோம். துக்கம் ஆறுவதற்கு இவையெல்லாம் வேண்டியிருக்கின்றன. 'கடைசியாக ஒரு தரம் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே!' என்று சொல்லி அழுகிற தாயின் துக்கம் இருக்கிறதே, அது லேசில் ஆறுவது இல்லை.

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துச் சேனைகளில் மாண்டவர்களின் தாய்மார் எல்லோருக்கும் இந்தக் கதிதான். இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டு வரக் கூடாது என்று முடிவு செய்து விட்டார்கள். ஆரம்பத்தில் சில செல்வர் வீட்டார் பணம் செலவழித்துத் தங்கள் பிள்ளைகளின் உடலைக் கொண்டு வந்தார்கள். பணக்காரன் மகன் ஊர் திரும்புவது, ஏழை மகன் விழுந்த இடத்திலேயே கிடப்பது என்றால் அது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. லட்சக்கணக்கான உடல்களைக் கப்பலேற்றுவதோ நடக்கிற காரியம் அல்ல. ஆகவே யாருக்கும் கிடையாது என்று தீர்ந்தது. பிரபுவானாலும் சரி, பண்ணையாள் ஆனாலும் சரி, விழுந்த மண்ணிலேயே ஒரே அளவுக் கல்.

நியாயமான முடிவுதான். ஆனால் நியாயம் தாய்மாரின் மனத்தை ஆற்றுமா? கனடாவிலிருந்து போய் இறந்தவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போய்க் கல்லறையைப் பார்த்து வர எத்தனை தாய்மாருக்கு முடியும்?

அதனால்தான் யுத்தத்துக்குப் பிறகு ஊர்க் கோயில்களில் கல்வெட்டுகளும் வண்ண ஜன்னல்களும் பெருகின. கல்லறை கடலுக்கு அப்பால் இருந்தது. அழுவதற்கு ஓர் இடம் உள்ளூரில் வேண்டியிருந்தது. சட்டைப் பையில் ஒரு பூவை வைத்துக்கொண்டு வந்து நிற்க ஓர் இடம். பல ஊர்களில் மகனின் முகச் சாயலையே பரிசுத்தவானின் முகமாக எழுதித் தரும்படி பெற்றோர் கேட்டு வாங்கிக் கொண்டது உண்டு. ஊரார் கண்ணுக்கு அது தேவ வீரன். அம்மாவின் கண்ணுக்கு அவள் பிள்ளை.

கன்னாட் பிரபுவும் தம்முடைய பத்துப் பேருக்கு ஒரு ஜன்னல் வைக்க நினைத்தார். எங்கே? அவர்கள் ஞாயிறு தோறும் வந்து உட்கார்ந்த அதே கோயிலில்.

கண்ணாடிக் கோபுரத்துப் பெண்

இந்த வேலை போய்ச் சேர்ந்த இடம் அயர்லாந்தில் டப்ளின் நகரம். அங்கே 'ஆன் தூர் க்ளின்னா' என்று ஒரு பட்டறை. ஐரிஷ் மொழியில் அதற்குக் 'கண்ணாடிக் கோபுரம்' என்று அர்த்தம். 1903-ல் அதைத் தொடங்கியவர் ஸாரா பர்ஸர் என்ற அம்மாள். பெயர் பெற்ற ஓவியர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. 'தொழிற்சாலையில் பத்துப் பேர் பத்து வேலையைப் பிரித்துக்கொண்டு செய்தால் ஜன்னல் வரும், கலை வராது' என்பது அந்தப் பட்டறையின் கொள்கை. ஒரு ஜன்னலைக் காகிதத்தில் கற்பனை செய்கிறவர் யாரோ, அவரே கண்ணாடியைத் தேர்ந்து, வர்ணம் தீட்டி, கடைசி வரை கூடவே இருந்து முடிக்க வேண்டும்.

பெல்பாஸ்ட் நகரில் வளர்ந்த வில்ஹெல்மினா கெடிஸ் என்ற பெண்ணின் சித்திரங்களைப் பர்ஸர் அம்மாள் பார்த்தார். 'நீ இங்கே வந்து விடு' என்று பட்டறைக்கு அழைத்துக் கொண்டார். 1887-ல் பிறந்தவர் கெடிஸ். ஒட்டாவா ஜன்னல் அவரிடம் வந்தபோது முப்பது வயதை ஒட்டியிருந்தார். திடகாத்திரமான சரீரமும் அல்ல. வாழ்நாள் முழுவதும் உடல் நலக் குறைவோடு போராடியவர். அவர் கையில்தான் பத்து யுத்த வீரர்களின் ஞாபகம் ஒப்படைக்கப்பட்டது.

வண்ண ஜன்னல் எப்படி உண்டாகிறது தெரியுமா? கண்ணாடியின் மேல் வர்ணம் பூசுகிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உருக்கும்போதே கோபால்ட் சேர்த்தால் நீலம். மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா. செம்பு சேர்த்தால் சிவப்பு. சிவப்பு மட்டும் பொல்லாதது. தடிப்பாக இருந்தால் கறுத்து விடும். அதனால் வெள்ளைக் கண்ணாடி மீது மெல்லிய ஏடாகப் படிய விடுவார்கள்.

முதலில் ஜன்னலின் முழு அளவுக்குக் காகிதத்தில் சித்திரம் எழுத வேண்டும். அதன்படி கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒரு முகத்துக்கு ஒரு துண்டு, கைக்கு ஒரு துண்டு, அங்கியின் மடிப்புக்கு நாலைந்து என்று நூற்றுக்கணக்கில் சேரும். அவற்றைப் பெரிய கண்ணாடிப் பலகை மீது மெழுகுச் சொட்டு விட்டு ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்திப் பார்ப்பார்கள். பிறகு இரும்பு ஆக்ஸைடும் கண்ணாடிப் பொடியும் கலந்த கருஞ்சாந்தால் கண், மூக்கு, நிழல் எல்லாம் எழுதிச் சூளையில் வைத்துச் சுடுவார்கள். எழுத்து கண்ணாடியோடு கண்ணாடியாகப் பற்றிக் கொள்ளும். கடைசியில் ஈயப் பட்டைகளை வளைத்துத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று கோத்து, முனைகளில் பற்ற வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நமக்குக் கறுப்புக் கோடுகளாகத் தெரிவது அந்த ஈயம்தான்.

கெடிஸ் இந்த வேலையைச் செய்து கொண்டிருந்த டப்ளின் அமைதியான ஊர் அல்ல. 1916-ல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அங்கே ஈஸ்டர் எழுச்சி நடந்து, நகரத்தின் நடுப்பகுதி தீப்பிடித்து எரிந்திருந்தது. 1919 ஜனவரியில் ஐரிஷ் சுதந்திரப் போர் தொடங்கியது. பிரிட்டிஷ் அரச குடும்பத்து முதியவர் ஒருவரின் துக்கத்தை, அந்த நகரத்துப் பட்டறையில் ஒரு பெண் கண்ணாடியில் கோத்துக் கொண்டிருந்தார்.

வந்தவரை வரவேற்கிறார்கள்

ஜன்னலில் அவர் என்ன எழுதினார்? வெற்றி வீரர்களின் ஊர்வலம் எழுதியிருக்கலாம். எதிரியை மிதித்து நிற்கும் தளபதியை எழுதியிருக்கலாம். கெடிஸ் எழுதியது வேறு. போரில் மாண்ட ஒரு வீரன் வந்து சேருகிறான். பரிசுத்தவான்களான போர் வீரர்களும், பழங்கால மாவீரர்களும், தேவதூதர்களும் அவனை எதிர்கொண்டு வரவேற்கிறார்கள்.

கிறிஸ்துவ மரபில் ஜார்ஜ், மார்ட்டின், ஸெபாஸ்டியன் போன்று பட்டாளத்தில் இருந்து பரிசுத்தவான்கள் ஆனவர்கள் உண்டு. வாளின் பாரம் என்ன என்பது தெரிந்தவர்கள். அவர்கள்தான் எதிர்கொள்ள வருகிறார்கள். இது நமக்குப் புரியாத விஷயம் அல்ல. நம் நாட்டு நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே வீரன் வில்லோடும் வாளோடும் போரிடுவான். சில கற்களில் மேலே தேவமாதர்கள் அவனை ஏந்திச் செல்வார்கள். போனவனை யாரோ எதிர்கொண்டு அழைத்தார்கள் என்று நினைத்தால்தான் இருப்பவர்களுக்கு மனம் ஆறுகிறது. தருமபுரிக் காட்டுக் கல்லிலும் ஒட்டாவாக் கோயில் கண்ணாடியிலும் அதே ஏக்கந்தான் தெரிகிறது.

கெடிஸின் தேவதூதர்கள் வாழ்த்து அட்டைகளில் வரும் பஞ்சு போன்ற அழகுப் பதுமைகள் அல்ல. கனத்த தாடை, அகன்ற தோள், கல்லில் செதுக்கினாற்போன்ற கண்டிப்பான முகம். ஆறுதல் சொல்லி முதுகைத் தடவிக் கொடுக்கிறவர்களாகத் தோன்றவில்லை. 'நீ பட்டது எங்களுக்குத் தெரியும்' என்று சொல்கிறவர்களாகத் தோன்றுகிறார்கள். மரணத்தை அவர் இனிப்பு தடவிக் கொடுக்கவில்லை. அதுதான் அந்த ஜன்னலின் பெருமை என்று நமக்குப் படுகிறது.

1919-ல் வேலை முடிந்ததும் லண்டனில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பார்த்தவர்கள் பிரமித்தார்கள். பிறகு ஜன்னல் கடல் கடந்து ஒட்டாவா போய்ச் சேர்ந்தது. அப்போது வேல்ஸ் இளவரசர் கனடாவில் சுற்றுப்பயணம் செய்து கொண்டிருந்தார். பிற்காலத்தில் எட்டாம் எட்வர்டு மன்னராகி, 1936-ல் காதலுக்காக முடியைத் துறந்தாரே, அவரேதான். அந்த நவம்பர் மாதத்தில் அவர் ஜன்னலைத் திறந்து வைத்தார். பத்துப் பேரும், உயிரோடு இல்லாவிட்டாலும், தாங்கள் வழக்கமாக வந்த கோயிலுக்குத் திரும்பி வந்தார்கள்.

ஜன்னலை வைத்த கன்னாட் பிரபுவின் வீட்டிலும் இடம் காலியாகியிருந்தது. 1917-ல் மனைவி காலமானாள். கொடி தைத்த மகள் 1919-ல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து, இளவரசிப் பட்டத்தை விட்டுவிட்டாள். ஆனால் தன் பெயர் கொண்ட பட்டாளத்தை அவள் விடவில்லை. 1974-ல் கண் மூடும் வரை அதன் கௌரவத் தலைவி அவளே.

மீண்டும் ஈப்ர்

கதை இங்கே முடிந்திருக்கலாம். விதி முடிக்கவில்லை.

1925-ல் கெடிஸ் லண்டனுக்குக் குடியேறினார். வறுமையும் நோயும் கூடவே வந்தன. ஆனாலும் கை ஓயவில்லை. பெல்ஜியம் மன்னர் ஆல்பர்ட் 1934-ல் மறைந்தார். அவர் ஞாபகார்த்தமாக ஈப்ர் நகரத்துப் பெரிய கோயிலுக்கு ஒரு சக்கர ஜன்னல் அளிக்கப் பிரிட்டிஷ் தரைப்படையும் விமானப்படையும் முடிவு செய்தன. யுத்தத்தில் இடிந்து தரைமட்டமாகி, பழையபடியே மறுபடி கட்டி எழுப்பிய கோயில் அது. அந்த ஜன்னலைச் செய்தவர் யார்? வில்ஹெல்மினா கெடிஸ்! 1938-ல் அது ஏறியது.

ஒட்டாவாவில் யாருக்காக அவர் ஜன்னல் செய்தாரோ, அவர்களில் ஃபார்க்கரும் நியூட்டனும் கடைசி மூச்சை விட்டது அந்த ஊரின் பக்கத்தில்தான். ஃபார்க்கரின் கல்லறையும் அங்கே அருகில்தான் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஜன்னல், விழுந்த இடத்துக்கு ஒரு ஜன்னல்; இரண்டும் அதே பெண்ணின் கை வேலை. வேண்டுமென்று திட்டமிட்டாலும் இப்படி அமையுமா? ஆனால் அந்தச் சக்கர ஜன்னல் ஏறி இரண்டு வருஷம் நிறைவதற்குள் அடுத்த உலக யுத்தம் வந்துவிட்டது. கண்ணாடி எத்தனை சொன்னாலும் மனிதர்கள் கேட்கிறார்களா?

அதே ஈப்ரில் மெனின் வாயில் என்று ஒரு பெரிய தோரண வாயில் இருக்கிறது. கல்லறை கூடத் தெரியாமல் போன சுமார் 55,000 பேரின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் நம் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. அவர்களுடைய கிராமங்களில் அவர்களுக்கு வண்ண ஜன்னல் வைக்க எந்தப் பிரபு இருந்தார்? இதையும் சொல்லாமல் விடுவது தர்மம் ஆகாது.

ஒன்று மட்டும் உண்டு. கன்னாட் பிரபு சென்னைக்கு வந்த அதே பயணத்தில், 1921 பிப்ரவரியில், டில்லிக்குச் சென்றார். பஞ்சாபில் நடந்த படுகொலையின் நிழல் இன்னும் மறையாத காலம். பழைய தவறுகளை மறந்து மன்னித்து ஒன்றுபடுங்கள் என்று அங்கே உருக்கமாகக் கேட்டுக் கொண்டார். கேட்டவுடன் மறக்கக் கூடிய காயமா அது? ஆனால் மறுநாள், பிப்ரவரி 10-ந் தேதி, அவர் ஒரு அஸ்திவாரக் கல் நாட்டினார். பத்து வருஷம் கழித்து அதன் மேல் எழுந்து நின்றதுதான் இந்தியா கேட். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. தம் பத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி வைத்த கிழவர், முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கல் வைத்துவிட்டுப் போனார்.

கெடிஸ் 1955-ல் லண்டனில் காலமானார். நெடுங்காலம் உலகம் அவரை மறந்திருந்தது. 2015-ல்தான் அவருடைய வாழ்க்கை வரலாறு பெரிய புத்தகமாக வந்து, இப்படி ஒரு கலைஞர் இருந்தாரா என்று பலரும் வியந்தார்கள்.

ஒட்டாவா ஜன்னல் இன்றும் அதே கோயிலில் இருக்கிறது. வீதியில் நின்று பார்த்தால் வெறும் கறுப்புக் கண்ணாடி. ஈயக் கோடுகள்தான் தெரியும். உள்ளே போய் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். பொழுது விடிந்து வெளிச்சம் ஏற ஏற, நீலமும் சிவப்பும் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். களைத்துப் போன ஒரு வீரன் வாசலுக்கு வருவான்; அவனை எதிர்கொண்டு அழைக்கப் பலர் வருவார்கள். எந்தத் தாயும் செய்யக் கொடுத்து வைக்காத அந்த வரவேற்பு, நூறு வருஷத்துக்கு மேலாகத் தினந்தோறும் அங்கே நடந்து கொண்டிருக்கிறது.